மருதாயி நடுவில் பேசிய பாட்டு

"மழை விட்டுச்சா?"

"விடல."

"அப்ப இன்னிக்கும் பாட்டு எடுக்கிறது கெடையாதா?"

"கூரையக் கேளு புள்ள. நாம எல்லாம் சேந்து அடிக்கிறத விட அது நல்லா அடிக்குது."

கேட்டவள் துஷ்யந்தி. கூரையைக் காட்டியவன் ஏழுமலை. ஒரு தார் பீப்பாயையும் பழைய தப்பு மேளம் ஒன்றையும் சேர்த்துக் கட்டி வைத்துக்கொண்டு, அதுதான் டிரம் செட் என்று சொல்லித் திரிகிறவன். இரண்டு பேரும் நின்றது ரப்பர் சீட் காயப்போடும் புகையறையில். மாவனல்லையிலிருந்து அரநாயக்க போகிற ரோட்டில், பஸ் நிற்காத ஒரு வளைவுக்கு மேலே இருந்தது அந்தத் தோட்டம். 1998, மே மாதம். மழை வந்து குடியேறிவிட்டிருந்தது.

பாட்டு எடுக்கப் புகையறைதான் சரி என்று கண்டுபிடித்தவன் ஆஸிக். மாவனல்லை டவுனில் அவனுடைய மாமா கபூர், கெஸட்டில் பாட்டு அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். ஆஸிக் அங்கே வேலை பார்த்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போதெல்லாம் ரெக்கோட் மெஷினைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவான்.

"கொழும்புல ஸ்டூடியோ சுவருக்கெல்லாம் மெத்த அடிச்சு வெச்சீக்காங்க மச்சான், சத்தம் திரும்பி வராம ஈக்க. ஒங்களுக்குத் தோட்டமே சீட்டு சீட்டாத் தொங்கப் போட்டுத் தந்தீக்கே!"

அது உண்மைதான். வரிசை வரிசையாகத் தொங்கும் ரப்பர் சீட்டுக்கு நடுவில் கிட்டாரைத் தட்டினால், சத்தம் எங்கேயும் போய் மோதாமல் காதுக்கு நேரே வந்து நிற்கும். ஆனால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரும் வெளியே ஓடி இருமிவிட்டு வர வேண்டும். காவல்காரர் செல்லையா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்னடா உள்ளுக்குப் புகைச்சல்?" என்று கேட்பார். குழுவுக்கு அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். புகைச்சல்.

கஷ்டம் புகையில் இல்லை. மரம் நனைந்தால் ரப்பர் பால் மரத்தில் கட்டிய சிரட்டையில் விழாது, பட்டையோடு வழிந்து போய்விடும். அதனால் மழை நாளில் பால்வெட்டு இல்லை, எல்லாரும் சும்மா இருப்பார்கள். ஆனால் மழை நாளில் தகரக் கூரை பாட விடாது. வெயில் நாளில் கூரை வாயை மூடிக்கொள்ளும். அன்றைக்குப் பால்வெட்டுக்கு ஏழுமலை ஒரு மலையில், கிட்டார் அடிக்கிற கிருஷ்ணகுமார் இன்னொரு மலையில். மழையில் போன நாளை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமையும் பேர் போட்டு வேலைக்கு அனுப்பினார்கள்.

"நம்மளுக்கு மழை வராத மழை நாளு வேணும்" என்றான் ஏழுமலை.

"நீ பேசாம இரு" என்றான் கிருஷ்ணகுமார். துஷ்யந்திக்கு அண்ணன். அவன் அப்படிச் சிடுசிடுத்ததற்குக் காரணம் இருந்தது. துஷ்யந்திக்குக் குவைத்தில் வீட்டு வேலைக்கு விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் போகிறாள்.

பாட்டு அவளுடையது. சொல்லும் அவளுடையது, மெட்டும் அவளுடையது. தோட்டத்து ஆள்கள் கை காட்டினால் வளைவில் நிற்காமல் போகிற பஸ்ஸைத் திட்டுகிற பாட்டு.

*வளைவுக்கு வளைவு கைய நீட்டுறேன்*
*வண்டிக்காரா நீ என்னப் பாக்கல*
*சேற மட்டும் வாரித் தெளிச்சிட்டுப் போற*
*சேலைய நான் எத்தன தரம் தோய்க்க*

தீபாவளிக்குத் தோட்டத்துக் குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து ஒரு கெஸட் வெளியிடப் போவதாகக் கபூர் சொல்லியிருந்தார். அதில் புகைச்சலுக்கு ஓர் இடம். அவர் ஒரு பேச்சும் சொல்லி வைத்திருந்தார்.

"அந்தப் புள்ள போறத்துக்கு முந்திப் பாடித் தந்தா நல்லம். இல்லாட்டி கேகாலயில பிரேமலதா ஈக்கிறா. கலியாண வீட்டுல பாடுற புள்ள. அவவக் கொண்டு பாட வெப்பன். பாட்டு நல்லம், அத உட ஏலாது."

அதைக் கேட்டதிலிருந்து துஷ்யந்தி ஓரிடத்தில் உட்காரவில்லை.

"அண்ணே, என்னோட பாட்ட இன்னொருத்தி பாடினா, அப்புறம் அது யாரு பாட்டு?"

"ஒன் பாட்டுத்தான்."

"அவ கொரல்ல கேட்டவங்க அப்படியா சொல்லுவாங்க?"

"மழை விடும் புள்ள."

"விடாட்டி?"

கிருஷ்ணகுமார் கிட்டார்க் கம்பியை முறுக்கினான். மறுபடியும் தளர்த்தினான்.

மழை விடவில்லை. ஏஜென்சிக்காரனின் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனபோதும் பெய்துகொண்டுதான் இருந்தது. வேன் வளைவில் நின்றது. "பாத்தியா, இது மட்டும் நிக்குது" என்றாள். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "அண்ணே, மியூசிக்க மட்டும் எடுத்து அனுப்பு. நான் அங்கேயிருந்து பாடி அனுப்புறேன். பிரேமலதாவுக்கு மட்டும் குடுத்துடாத!"

அவள் போன பிறகு வந்த பௌர்ணமி, போயா தினம், நல்ல வெயில். போயாவுக்கு எல்லாருக்கும் லீவு. புகையறையில் நெருப்பை அணைத்துவிட்டு இரண்டு பேரும் காலையிலிருந்து வாசிக்க, ஆஸிக் பதிந்தான். பாட வேண்டிய இடத்தில் ஏழுமலை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு தட்டினான். அன்றைக்குப் பதிந்த முதல் கெஸட் கபூர் கடையிலேயே இருந்தது. அதிலிருந்து ஆஸிக் இன்னொன்று அடித்துக் கொடுத்தான். நிவித்திகலப் பக்கத்திலிருந்து குவைத்துக்குத் திரும்பிப் போகிற ஒரு பெண்ணிடம் கிருஷ்ணகுமார் அதைச் சேர்ப்பித்தான். துணியில் சுற்றி, மேலே துஷ்யந்தியின் பெயரும் அவள் வேலை செய்யும் வீட்டு விலாசமும் எழுதி.

அதற்குப் பிறகு ஒரு மழை நாள். கிருஷ்ணகுமாரும் ஏழுமலையும் அடுப்படியில் குந்தியிருந்தார்கள். கிருஷ்ணகுமாரின் அம்மா மருதாயி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, நான் பேசுனத அவ இந்நேரம் கேட்டிருப்பாளா?"

"எதுல பேசுன?"

"எதுலயா? நீ அனுப்புனியே, கெஸட்டு."

கிருஷ்ணகுமார் கோப்பையைக் கீழே வைத்தான். "அம்மா. அதுல பாட்டும்மா இருந்துச்சு."

"பாட்டுக்கு என்ன, இருக்கட்டும். நான் மிச்ச எடத்துலதான பேசுனேன்."

"மிச்ச எடம்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீ கேட்டுட்டு நிப்பாட்டி வெச்சிருந்த. நிப்பாட்டுன எடத்துலேருந்து பேசுனேன். செவப்புப் பட்டனையும் கறுப்புப் பட்டனையும் ஒண்ணா அமத்திட்டு. எப்பவும் அப்படித்தான பேசுறது?"

எப்பவும் அப்படித்தான். எழுதத் தெரியாத வீட்டிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் போகிற கடிதம் கெஸட்தான். லயத்து வரிசை வீடு ஒன்றிலிருந்து கெஸட் போகிறது என்றால் அடுத்த அறை, காம்பராக்காரர்களும் வந்து, "நாங்களும் சுகம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். மகளுக்குப் போகிற கெஸட் ஒன்று வீட்டில் இருந்தால், அதில் பேசாமல் விட எந்த அம்மாவுக்கும் தோன்றாது.

"நிப்பாட்டுனது நடுவுல!" என்றான் கிருஷ்ணகுமார். "ரெண்டாவது சரணம் வர்ற எடம்!"

ஏழுமலை இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். "என்ன பேசுனீங்க அத்தே?"

"என்னத்தப் பேசுறது. சாப்பிட்டியான்னு கேட்டேன். எல்லாரும் சுகம்னேன். கீழ்லயத்துல மாடு செத்துப்போச்சுன்னேன்."

"பாட்டு நடுவுல மாடு செத்துப்போச்சா!"

"செத்தது செத்ததுதான? பொய்யா சொன்னேன்?" மருதாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளுக்குப் போற கெஸட்டுல நான் பேசாம வேற யாரு பேசுறது? ஒன் பீப்பாச் சத்தத்தக் கேக்கவா அவ அங்க போயிருக்கா?"

ஆஸிக் வந்ததும் கிருஷ்ணகுமார் அவன்மேல் பாய்ந்தான். "கெஸட்டு மேல இருக்கிற ப்ளாஸ்டிக் துண்ட ஏண்டா ஒடைக்காம குடுத்த? ஒடைச்சிருந்தா அதுல பேச முடியாதே!"

"நான் ஒடைக்கோணும்னு நெனச்சன் மச்சான். நீதான் அவசரப்படுத்தின."

"இன்னொண்ணு அடிச்சு அனுப்பலாமா?"

"யாரு கொண்டு போற? தபால்ல போட்டா மாமா செல்ற நாளைக்கு முந்திப் போய்த் திரும்பி வராது."

அதன் பிறகு காத்திருப்புத்தான். கிருஷ்ணகுமார் மரத்தில் பால் வெட்டும்போதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வெட்டினான். பட்டையில் வெட்டு ஆழமாகிவிட்டது என்று கங்காணி திட்டினார். தோட்டத்து ஆபீசுக்குத் தபால் வருகிற நேரம் அவன் கால் மலையில் நிற்காது.

கெஸட் வந்தது, தபாலில். மாவனல்லைக்கு எடுத்துப் போய்க் கபூர் கடையிலேயே போட்டுக் கேட்டார்கள். கிருஷ்ணகுமார், ஏழுமலை, ஆஸிக், நாற்காலியில் கபூர்.

முதலில் வந்த கிட்டார் அவர்கள் அடித்த கிட்டார் இல்லை. இழுத்துக்கொண்டு, அடியில் எங்கேயோ உறுமிக்கொண்டு வந்தது. தப்பு ஒவ்வோர் அடியாக நின்று நின்று விழுந்தது.

"என்ன இது, எருமை நடக்கிற மாதிரி!" என்றான் ஏழுமலை.

ஆஸிக்குக் கேட்டவுடனே புரிந்துவிட்டது. "பட்டரி எறங்கின மெஷின்ல நம்மட மியூசிக்கப் போட்டீக்கிறா. அது மெதுவா ஓடீக்கு. அதுக்கு ஏத்தாப்போல அவ பாட, இன்னொரு மெஷின்ல புடிச்சீக்கிறா."

துஷ்யந்தி பாடினாள். புகையறையில் குதித்துக் குதித்துப் பாடிய பாட்டை, அங்கே அடித்தொண்டையில், பல்லைக் கடித்துக்கொண்டு பாடியிருந்தாள். முதல் சரணம் முடிந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். மியூசிக் நின்றது. கொஞ்சம் தடித்த குரலில் மருதாயி பேசினாள்.

"துஷி, அம்மா பேசுறேன். சாப்பிட்டியா? இங்க எல்லாரும் சுகம். கீழ்லயத்து மாடு செத்துப்போச்சு. அண்ணன் ஒழுங்கா வேலைக்குப் போறான். மழைதான் விட மாட்டேங்குது. நீ வெயில்ல நிக்காத."

மறுபடி 'டக்'. பீப்பாய் இடித்தது, கிட்டார் வெடித்தது, மகள் பாட ஆரம்பித்தாள். ரெண்டாவது சரணத்தில் பாதிதான் மிச்சம்.

*ஒரு நாளைக்கு நீயே நிப்பாட்டுவ*
*கதவத் தெறந்து ஏறுன்னு சொல்லுவ*

அதற்கடுத்த வரிக்கு மூச்சு இழுத்தாள். தூரத்தில் ஒரு பெண் ஏதோ பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது. ஒரு கதவுச் சத்தம். அவ்வளவுதான், கெஸட் சும்மா ஓடியது.

கபூர்தான் முதலில் வாய் திறந்தார்.

"கொரல் நல்லம். ஆனா தம்பி, கெணத்துக்குள்ள உழுந்த மாதிரி ஈக்கு. நடுவுல மாடு மவுத்தான கத வேற. கடசி வரியும் இல்ல. இத நான் எப்படி விக்கிற?"

"கபூர் நானா, இன்னொருக்காப் பாடி அனுப்பச் சொல்றேன்" என்றான் கிருஷ்ணகுமார்.

"தீவாளி ஒங்களுக்காக நிக்குமா?"

"அவ கேட்டா என்ன சொல்றது?"

"பாட்டு ஒன்ட பேருல வருதுன்னு செல்லு. எழுதினது துஷ்யந்தின்னு போடுறன்."

"பாடினது?"

கபூர் கெஸட்டை வெளியே எடுத்து உறையில் போட்டார். பிரேமலதா பாடினாள். முதல் கெஸட்டின் மேல், நல்ல மெஷினில், சுத்தமாக, கடைசி வரி வரைக்கும். தீபாவளிக்குக் கெஸட் வந்தது. ஏழுமலை ஒரு தடவை கேட்டுவிட்டு, "பஸ்காரனத் திட்டுற மாதிரியா இருக்கு? தாலாட்டுற மாதிரி இருக்கு" என்றான். அதிகம் பேர் வாங்கவில்லை. கிருஷ்ணகுமார் அந்த விஷயத்தைத் தங்கச்சிக்குச் சொல்லவே இல்லை. அவளுக்குப் போகிற கெஸட்டிலெல்லாம் மருதாயி பேசினாள், அவன் பேசவில்லை.

2000ஆம் ஆண்டு துஷ்யந்தி திரும்பி வந்தாள். பெட்டியை இறக்கி வைத்ததும் கேட்டாள்.

"என் பாட்டு எங்க?"

மருதாயி சந்தோஷமாக அலுமாரியைத் திறந்து தீபாவளிக் கெஸட்டை எடுத்துப் போட்டாள். துஷ்யந்தி நின்றபடியே கேட்டாள்.

"யாரு இது?"

"பிரேமலதா" என்றான் கிருஷ்ணகுமார்.

"நான் அனுப்புனது வரலயா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"சத்தம் சரியில்லன்னுட்டாரு. அம்மா வேற நடுவுல..."

"என்ன எதுக்குடா இழுக்குற?" என்றாள் மருதாயி.

"அது எப்படி எடுத்தது தெரியுமா ஒனக்கு?" துஷ்யந்தி சத்தம் போடவில்லை. காம்பராவுக்குள் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தாள். "மொட்டமாடியில, தண்ணித் தாங்கிக்குப் பின்னால. ப்ளக் போட எடமில்ல. பக்கத்து வீட்டுல வேல செஞ்ச றுகையாக்கா அவங்க மெஷினக் குடுத்துட்டு, யாரும் வர்றாங்களான்னு படியில நின்னு பாத்தாங்க. அதுலயும் மேடம் வந்துட்டா. அதச் சரியில்லன்னுட்டாரா? வா அண்ணே. எங்கிட்டச் சொல்லச் சொல்லு."

"மழை வர்ற மாதிரி இருக்கு."

"வரட்டும்."

வளைவில் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது பஸ்ஸும் நிற்கவில்லை. சந்திவரைக்கும் நடந்து போய் ஏறினார்கள்.

கபூர் கடையில் ஆஸிக்தான் முதலில் பார்த்தான். "யா அல்லா, மாமா! துஷ்யந்தி!" என்று கத்தினான். கபூர் எழுந்து வந்தார்.

"வாங்க வாங்க. நானே ஆள் அனுப்ப ஈந்தன்."

"என்ன நானா சரியில்ல என் கொரல்ல?"

"புள்ள, கோவப்படாம ஒக்காருங்க."

"உக்கார மாட்டேன்."

"சரி, நின்டுக்கொண்டே கேளுங்க. ஒங்கட கெஸட்ட எத்தின பேருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கல."

"பொய் செல்ல வேணாம்." கபூர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே கெஸட்டுகள், அரபி எழுதினது, ஸ்டிக்கர் கிழிந்தது, உறையில்லாதது. "குவைத்திலேந்து வந்த பொம்புளகள் கொண்டு வந்து தந்தது. இதிலேந்து இன்னொன்டு அடிச்சுத் தாங்க, அதிலேந்து இன்னொன்டு அடிச்சுத் தாங்கன்னு வாராங்க. சிங்களப் புள்ளைகளும் வாராங்க, 'அம்மா கதாகரண சிந்துவ', அம்மா பேசுற பாட்டு, வேணுமாம். என்னன்னு போட்டுப் பாத்தா, கெணத்துக்குள்ளேந்து நீங்க."

துஷ்யந்தி பெட்டியையே பார்த்தாள். "யாரு இதக் குடுத்தது?"

"நான்தான்" என்றாள் வாசலில் நின்ற பெண். குவைத்திலிருந்து திரும்பியிருந்த அவளுடைய வீடு கடைக்கு எதிர்ச் சந்தில்தான். ஆஸிக் ஓடிப்போய் அழைத்து வந்திருந்தான்.

"றுகையாக்கா!"

"ஏசாதீங்க தங்கச்சி. ஊருக்கு அனுப்ப முந்தி எனக்கு ஒன்டு அடிச்சு வெச்சன். என்ட உம்மா மவுத்தாகி, எனக்குக் கெஸட்டுல பேச யாருமில்லயே. ஒங்கட உம்மா 'சாப்பிட்டியா'ன்னு கேட்டது எனக்குக் கேட்ட மாதிரி ஈந்திச்சு. பொறகு பக்கத்து வீட்டுப் புள்ள கேட்டா. அதுக்குப் பொறகு அவட கூட்டாளி. எனக்குத் தெரியா, அது எங்கெங்க போனதுன்னு."

"பாட்டுக்காக இல்லையா? அம்மாவுக்காகவா?"

"உம்மாட பேச்சுக்கு அழுவம். பொறகு நீங்க பாடத் தொடங்கினா எழும்பி நிப்பம். ரெண்டும்தான்."

துஷ்யந்தி வாசலுக்குப் போனாள். ரோட்டைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். "பிரேமலதா பாடினத யாரும் கேக்கலையா நானா?"

"ஒராள் கேட்டாரு. பிரேமலதாட வாப்பா... அப்பா."

கிருஷ்ணகுமார் சிரித்துவிட்டான். துஷ்யந்தி சிரிக்கவில்லை, ஆனால் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"இனி இதயே போடுறன்" என்றார் கபூர். "ஒங்கட கொரல், ஒங்கட பேரு. கடசி வரி மட்டும்தான் இல்ல. இந்தா மைக். பாடித் தாங்க, ஒட்டிடுவம்."

"அந்த வரி என்ன?" றுகையா பக்கத்தில் வந்தாள். "படியில நின்டு எனக்கு அது கேக்கல்லயே. 'ஏறுன்னு சொல்லுவ'ன்னு முடிஞ்சுது. மிச்சத்த நாங்களே யோசிச்சம்."

துஷ்யந்தி மைக்கைப் பார்க்கவில்லை. றுகையாவைப் பார்த்துப் பாடினாள். அடித்தொண்டையிலும் இல்லை, பழையபடி குதித்தும் இல்லை.

*ஏற மாட்டேன் நான், போடா!*

"இவ்வளவுதானா?" என்றாள் றுகையா.

"இவ்வளவுதான்."

"ஏறல்லயா? அவ ஏறிட்டான்னுதானே நாங்க எல்லாரும் நெனச்சம்!"

"ஏறலக்கா."

"போடான்னா செல்லுற?" றுகையா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் வந்த பிறகும்.

"பொறுங்க, பொறுங்க" என்று கபூர் மெஷினைத் தட்டினார். "நான் பட்டன அமத்தவே இல்லயே. இன்னொரு முற, அப்படியே."

துஷ்யந்தி மைக்குக்கு நேரே வந்து மூச்சை இழுத்தாள். கடைத் தகரத்தில் முதல் துளி விழுந்தது. அப்புறம் ரோடு முழுக்க விழுந்தது. எதிர்க் கடைக்காரன் சாமானை உள்ளே இழுத்தான். கூரை அடிக்கிற அடியில் ஆஸிக் கையை விரித்தான்.

"விடுமா?" கபூர் கத்த வேண்டியிருந்தது.

"விட்டா அண்ணனுக்குப் பால்வெட்டு, நாங்க கெளம்பணும்!" என்றாள் துஷ்யந்தி.

"அப்ப கடசி வரி இல்லாமயே போகட்டுமா?"

துஷ்யந்தி மேலே கூரையைப் பார்த்தாள். "போகட்டும். எல்லாரும் ஏறுனதாவே நெனைக்கட்டும். பேர மட்டும் சரியாப் போடுங்க."

"பாடியவர் துஷ்யந்தி" என்று கபூர் ஒரு கெஸட் உறையின் பின்னால் எழுதினார். "நடுவுல பேசினது?"

"மருதாயி."

"உம்மாக்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

அண்ணனும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் கையை ஆட்டினார்கள்.

"கேக்காதீங்க நானா" என்றாள் துஷ்யந்தி. "கேட்டா கெஸட்டோட மறுபக்கத்தையும் அவங்களே பேசி முடிச்சிருவாங்க."